காலியாரியிலிருந்து பலெர்மோவுக்குக் கப்பலில் போகலாமா, விமானம்தான் சரியா?

கேள்வி கேட்டவர் இத்தாலியின் சார்தீனியா (காலியாரி இருக்கும் தீவு), சிசிலி (பலெர்மோ இருக்கும் தீவு) இரண்டையும் ஒரே விடுமுறையில் பார்க்க நினைக்கிறார். இடையில் இரவுக் கப்பல் ஒன்று இருப்பதாகக் கேள்விப்பட்டு, அதை நம்பித் திட்டம் போடலாமா என்கிறார்.

தாராளமாகப் போடலாம். ஆனால் முதலில் கப்பல் எந்த நாளில் என்று பாருங்கள், அப்புறம் ஹோட்டல் பதிவு செய்யுங்கள். நிறையப் பேர் இதைத் தலைகீழாகச் செய்துவிட்டுப் புலம்புகிறார்கள். இந்தத் தடத்தில் வாரத்துக்கு ஒன்றிரண்டு நாள்தான் கப்பல். எந்தக் கிழமை என்பதும் பருவத்துக்குப் பருவம் மாறும்.

நான் காலியாரியில் இரண்டரை வருஷம் ஆராய்ச்சி வேலையில் இருந்தேன். (தமிழில் 'காக்லியாரி' என்று எழுதுகிறார்கள். அந்த ஊரில் அப்படிச் சொன்னால் முகத்தைப் பார்ப்பார்கள். நடுவில் 'க்' கிடையாது.) பலெர்மோவுக்கு நான்கு முறை கப்பலில் போயிருக்கிறேன், ஒரு முறை விமானத்தில்.

இது சுற்றுலாக் கப்பல் என்று நினைத்து ஏறாதீர்கள். துறைமுகத்தில் போய் நின்றால் தெரியும்: வரிசை வரிசையாக லாரி டிரெய்லர்கள். பல டிரெய்லர்கள் லாரியே இல்லாமல் தனியாக ஏறும். மறுகரையில் வேறொரு லாரி வந்து மாட்டி இழுத்துக்கொண்டு போகும். இரண்டு தீவுகளுக்கு நடுவில் சரக்குக்கு இதுதான் சாலை. நம்மைப் போன்ற ஆட்கள் கூடவே போகிறோம், அவ்வளவுதான். அதனால் சரக்கு ஏறி முடிய நேரமானால் கப்பலும் நேரமாகித்தான் கிளம்பும். ஒரு முறை ஒன்றரை மணி நேரம் தாமதம். என்னைத் தவிர யாரும் கடிகாரத்தைப் பார்த்ததாகத் தெரியவில்லை.

தூரம் ஏறக்குறைய 390 கிலோமீட்டர், பயணம் சுமார் 12 மணி நேரம். மாலையில் ஏறினால் காலையில் இறங்கலாம். விமானத்தில் ஒரு மணி நேரம்தானே என்பீர்கள். பலெர்மோ விமான நிலையம் ஊரிலிருந்து 35 கிலோமீட்டர் தள்ளி, புன்டா ராய்சியில் இருக்கிறது. கப்பலோ ஊருக்குள்ளேயே இறக்கிவிடும். ஊர் நடுவில் இருக்கும் பொலித்தெயாமா சதுக்கத்துக்குப் பெட்டியை உருட்டிக்கொண்டே நடந்து போகலாம். ஒரு ராத்திரி ஹோட்டல் வாடகையும் மிச்சம். நேரம் மட்டுமே முக்கியம் என்றால், நேரடி விமானம் இருக்கும் நாளில் விமானத்திலேயே போய்விடுங்கள். நான் தடுக்க மாட்டேன்.

டிக்கெட்டில் மூன்று வகை. 'பாஸாஜ்ஜோ பொன்டே' என்றால் ஏறிக்கொள்ள அனுமதி மட்டும். இடம் நீங்கள்தான் பிடிக்க வேண்டும். 'பொல்த்ரோனா' என்றால் சாய்வு இருக்கை. அடுத்தது கேபின். முதல் முறை சிக்கனம் பார்த்து பொன்டே எடுத்தேன். பிப்ரவரி மாதம். வெளித்தளத்தில் காற்று நிற்க விடவில்லை. உள்ளே வந்தால் பாரை ஒட்டிய சோபாக்கள் எல்லாம் ஏற்கெனவே போய்விட்டன. அனுபவசாலிகள் பாய், தலையணை சகிதம் வந்து எட்டு மணிக்கே மூலை பிடித்திருந்தார்கள். டிவி ராத்திரி முழுக்க ஓடியது. விளக்கை யாரும் அணைக்கவில்லை. ஒரு நாற்காலியில் சுருண்டு கிடந்து, காலையில் கழுத்தைத் திருப்ப முடியாமல் இறங்கினேன்.

என்னோடு வேலை பார்த்த யாழ்ப்பாணத்து நண்பனின் மாமி பலெர்மோவில் இருக்கிறார். கதவைத் திறந்ததுமே, "கபின் எடுக்கேல்லையோ தம்பி? இந்தக் குளிருக்கை கதிரையிலையோ படுத்தனீங்கள்?" என்றார். அதற்குப் பிறகு எப்போதும் கேபின்தான். தனியாகப் போனாலும் சரி, கோடையாக இருந்தாலும் சரி.

காற்றைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். சார்தீனியாவில் 'மாயெஸ்த்ராலே' என்றொரு வடமேற்குக் காற்று உண்டு. குளிர்காலத்தில் நாட்கணக்கில் அடிக்கும். காலியாரியிலிருந்து பலெர்மோ தென்கிழக்கே இருக்கிறது. போகும்போது அந்தக் காற்று முதுகுப் பக்கம், திரும்பும்போது முகத்துக்கு நேரே. அதனால் திரும்பும் பயணத்தில்தான் எனக்கு இரண்டு முறை குமட்டியது. கேபின் தேர்ந்தெடுக்க வாய்ப்புக் கொடுத்தால் கப்பலின் நடுவே, கீழ்த்தளத்தில் கேளுங்கள். அங்கே ஆட்டம் குறைவு. குமட்டல் மாத்திரையைக் கரையிலேயே போட்டுக்கொள்ளுங்கள். ஆட்டம் தொடங்கிய பிறகு போட்டு எனக்குப் பலனில்லை.

இன்னொன்று, கரையை விட்டதும் போனை ஏரோபிளேன் மோடில் போட்டுவிடுங்கள். இத்தாலி சிம் வைத்திருந்தாலும் இதைச் செய்யுங்கள். கரை நெட்வொர்க் போனதும் போன் தானாகவே கப்பலின் சாட்டிலைட் நெட்வொர்க்கைப் பிடித்துக்கொள்ளும். ஐரோப்பிய ரோமிங் சலுகை அதற்குச் செல்லாது. காரோடு போகிறவர்கள் ராத்திரிக்கு வேண்டியதை மேலே எடுத்து வந்துவிட வேண்டும். ஓடும் கப்பலில் கார் தளத்துக்குள் விடமாட்டார்கள்.

காலியாரியிலிருந்து கிளம்பும்போது இடப்பக்கம் நில்லுங்கள். குதிரைச் சேணம் மாதிரி நடுவில் குழிந்த ஒரு மலை வரும். பெயர் 'செல்லா தெல் தியாவோலோ', பிசாசின் சேணம். தேவதூதர்களோடு நடந்த சண்டையில் பிசாசுகளின் தலைவன் லூசிபர் அங்கே சேணத்தைத் தவறவிட்டதாகக் கதை. அதனால் அந்த வளைகுடாவுக்கே தேவதூதர் வளைகுடா என்று பெயர். கப்பலுக்கு முன்னால் நேரம் மிச்சமிருந்தால் காலியாரியின் பழைய கோட்டைப் பகுதியான காஸ்தெல்லோ மேட்டுக்கு ஏறி 1307-இல் கட்டிய யானைக் கோபுரத்தைப் பாருங்கள். சுவரில் யானை உண்மையாகவே இருக்கிறது, ஆனால் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். நம் ஊர்க் கோபுரத்தை மனதில் வைத்துப் போனால் சிரிப்புத்தான் வரும்.

காலையில் வலப்பக்கம் மாறிக்கொள்ளுங்கள். கடலிலிருந்து செங்குத்தாக எழும் மலை மோன்தே பெல்லெக்ரீனோ. 1624-இல் பலெர்மோவைப் பிளேக் வாட்டியபோது, அந்த மலைக் குகையில் கிடைத்த, ஊரின் காவல் புனிதையான சாந்தா ரொசாலியாவின் எலும்புகளை ஊர்வலமாகக் கொண்டுவந்த பிறகே நோய் விலகியது என்பது ஊரின் நம்பிக்கை. இன்று அந்தக் குகைக் கோயிலுக்கு ஏறுகிறவர்களில் ஈழத் தமிழர்கள் நிறைய. அவர்களில் இந்துக்களும் உண்டு. மாமியும் மாதத்தில் ஒரு ஞாயிறு ஏறுவார். "எங்கட அம்மன் மாதிரித்தான் அவவும்" என்று ஒரே வரியில் எனக்கு விளக்கிவிட்டார்.

கப்பல் பாரின் காலைச் சாப்பாட்டைத் தொடவே வேண்டாம். இறங்கியதும் நேரே பலெர்மோவின் பல்லரோ சந்தைக்குப் போய் 'பனெல்லே' கேளுங்கள். கடலை மாவைக் கிளறி, ஆறவைத்து, துண்டு போட்டு எண்ணெயில் பொரித்து ரொட்டிக்குள் வைத்துத் தருவார்கள். எலுமிச்சையை அவர்களே பிழிவார்கள். மிளகாய்ப் பொடியை நீங்கள் கையோடு கொண்டுபோக வேண்டும்.