கேள்வி - பதில்: வெஸ்ட் பாயிண்ட்டோட பழைய காகிதங்க

கேள்வி: அமெரிக்காவுல வெஸ்ட் பாயிண்ட் மிலிட்டரி அகாடமியில பழைய பெட்டி ஒண்ண லைவ்ல திறந்தாங்களே, உள்ள வெறும் மண்ணுதானாமே, நிஜமா?
- வாசகர், தென்காசி

பதில்: திறந்த அன்னிக்கு மண்ணுதாங்க. அமெரிக்க சுதந்திரப் போர்ல வெஸ்ட் பாயிண்ட் கோட்டைய வடிவமைச்ச போலந்துக்காரர் கொஸ்கியூஸ்கோ, அவரோட நினைவுச்சின்னத்த 2023ல சரி பண்றப்போ அடிப்பீடத்துக்குள்ள ஒரு ஈயப்பெட்டி கிடைச்சது, ஏறக்குறைய 200 வருஷம் முன்னாடி வச்சது, ஆகஸ்ட் 28ஆம் தேதி எல்லாரும் பாக்கத் திறந்தா வண்டல்தான் இருந்துச்சு. ஆனா அங்க இருந்த தொல்லியல் நிபுணர் அந்த வண்டலக் கொட்டிடாம பொறுமையா கிளறிப் பாத்தாரு, 6 பழைய காசும் நியூயார்க் மாகாணத்து ஈரி கால்வாய் திறந்ததுக்காக அடிச்ச ஒரு மெடலும் வெளிய வந்துச்சு. பெட்டி இணைப்பு வழியா ஈரம் எறங்கியிருக்கு, உள்ள காகிதம் வச்சிருந்தா எப்பவோ மக்கியிருக்கும். கல்லுக்குள்ள பூட்டி வச்சுட்டா மட்டும் ஒரு பொருள் பத்திரமா இருக்காதுங்க, அப்பப்போ யாராவது எடுத்துப் பாத்துக்கிட்டே இருக்கணும்.

கேள்வி: அப்போ அந்தக் காலேஜோட ஆரம்பகால ரெக்கார்டுகளாவது முழுசா இருக்கா?
- வாசகி, நாகர்கோவில்

பதில்: இல்லைங்க, அதான் எனக்கு ரொம்ப வருத்தம். 1802ல ஆரம்பிச்ச காலேஜ், 1838ல ஒரு தீ விபத்துல ஆரம்ப வருஷத்துக் காகிதங்க நிறைய எரிஞ்சுபோச்சு. நல்லவேளையா கேடட்டா, அதாவது அங்க பயிற்சி மாணவனா சேர பசங்க அனுப்பின விண்ணப்பமும் சிபாரிசு லெட்டரும் வாஷிங்டன்ல போர்த்துறை ஆபீஸுக்குப் போனதால, 1805லருந்து 1866 வரைக்கும் உள்ளது இன்னிக்கும் தேசிய ஆவணக் காப்பகத்துல இருக்கு. இன்னொரு பக்கம் 1833ல படிச்சு முடிச்ச ஜார்ஜ் கல்லம்னு ஒரு ஆபீசர், பாஸ் பண்ண ஒவ்வொருத்தருக்கும் ஒரு நம்பர் போட்டு வாழ்க்கைக் குறிப்பு தொகுத்தாரு, நம்பர் 1 ஜோசப் ஸ்விஃப்ட், தான் போனப்புறமும் அந்த வேலை நிக்கக்கூடாதுன்னு உயில்ல பணமும் எழுதி வச்சாரு. காப்பகம்னா கட்டடம்னு நினைக்கிறோம், இந்த மாதிரி விடாப்பிடியான மனுஷங்கதான் காப்பகம்.

கேள்வி: இதுல ஜெனரல்கள் பெருமையத் தவிர வேற என்ன சார் இருக்கப்போகுது?
- வாசகர், ஓசூர்

பதில்: நிறைய இருக்குங்க! தப்பு பண்ணா மார்க் போடுற ரிஜிஸ்டர் ஒண்ணு இருக்கு, பின்னாடி குதிரைப்படையில பேர் வாங்குன கஸ்டர் அதுல 726 கருப்பு மார்க் வாங்கியிருக்காரு, பரேடுக்கு லேட்டு, முடி ஒழுங்கா இல்ல, பனி உருண்டை எறிஞ்சாருன்னு, கடைசியில 1861ல 34 பேர்ல 34வதா பாஸ் பண்ணாரு. அந்தக் காலத்துல மேப்ப கையாலதான் வரையணும்ங்கறதால டிராயிங் கட்டாயப் பாடம், அதுல முதல் ஆளா நின்ன விஸ்லர் 1854ல கெமிஸ்ட்ரில ஃபெயிலாகி வெளிய போனாரு, அப்புறம் உலகமே தெரிஞ்ச ஓவியர் ஆனாரு.

ஆனா நான் முக்கியமா நினைக்கிறது ஹென்றி ஃபிளிப்பர் ஃபைலத்தான். அடிமையா பொறந்தவர், 1877ல அங்க பாஸ் பண்ண முதல் கறுப்பினத்தவர், 1881ல கோர்ட் மார்ஷல்னு ராணுவ கோர்ட்டுல விசாரிச்சு, 1882ல ஆர்மிய விட்டே அனுப்பிட்டாங்க, சாகுற வரைக்கும் நியாயம் கேட்டுப் பாத்தாரு, கிடைக்கல. 1976ல ஆர்மி மறுபடி விசாரிச்சு, தண்டனை அளவுக்கு மீறினது அநியாயமானதுன்னு ஒத்துக்கிட்டு கௌரவமான விடுவிப்புன்னு மாத்துச்சு, 1999ல ஜனாதிபதி கிளின்டன் மன்னிப்பும் கொடுத்தாரு. அந்த வழக்குக் காகிதங்க ஒழுங்கா இல்லாமப் போயிருந்தா அத்தனை வருஷம் கழிச்சு எதை வச்சுப் பேசியிருப்பாங்க, நீங்களே சொல்லுங்க.

கேள்வி: இதெல்லாம் நம்ம வீட்ல உக்காந்து பாக்க முடியுமா?
- கல்லூரி மாணவி, ஈரோடு

பதில்: கொஞ்சம் முடியும்மா. வருஷா வருஷம் அச்சடிச்ச கேடட் பட்டியல், 'ஹொவிட்சர்' இயர்புக் இதெல்லாம் அவங்க லைப்ரரி ஸ்கேன் பண்ணி இலவசமா போட்டிருக்கு. 1843 பட்டியல்லருந்து ஆரம்பி, அதுல 39 பேர்ல 21வதா கிராண்ட் இருப்பாரு, பின்னாடி ஜனாதிபதியானவர். அவர் பேரு ஹைரம் யுலிசஸ், நியமனம் பண்ண எம்.பி. யுலிசஸ் எஸ். கிராண்ட்னு தப்பா எழுதி அனுப்பிட்டாரு, அதுவே கடைசி வரைக்கும் நின்னுடுச்சு.