கல்யாணத்தில் குடிப்பதற்காக மூட்டுவாதக் குளிசையை ஒரு கிழமை விடலாமா?

கொடிகாமம் பக்கம் இருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். வயது 46. மூட்டுவாதம், அதாவது டொக்டர்மார் ருமற்றோயிட் ஆத்திரைற்றிஸ் என்று எழுதும் சரவாங்கி, வந்து இரண்டு வருடமாகிறது. மெதோட்ரெக்ஸேற் 2.5 மில்லிகிராம் குளிசையில் ஆறு, கிழமைக்கு ஒரு தடவை எடுக்கிறார். ஞாயிற்றுக்கிழமைகளில் தவறணையில் ஒரு போத்தல் கள்ளு, எப்போதாவது சாராயம். அடுத்த மாதம் தங்கச்சியின் கல்யாணம், கனடாவில் இருந்து மச்சான்மார் வருகிறார்கள். "அந்தக் கிழமை மட்டும் குளிசையை விட்டுவிட்டுக் குடித்தால் ஈரலுக்குப் பிரச்சினை வராதுதானே?" இதுதான் கேள்வி.

வராது என்று உங்களுக்குச் சொன்னது யார் என்று தெரியவில்லை. ஆனால் யாழ்ப்பாணத்தில் பாதிப்பேர் இதைத்தான் செய்கிறார்கள், கிளினிக்கில் கேட்டால் ஒழுங்காகக் குளிசை போடுகிறேன் என்பார்கள். விடவேண்டாம். மெதோட்ரெக்ஸேற் இரத்தத்தில் இருந்து ஒன்றிரண்டு நாளில் போய்விடும், உண்மை. ஆனால் அது வேலை செய்வது இரத்தத்தில் இல்லை, உயிரணுக்களுக்குள் போய் ஒட்டிக்கொண்டு அங்கே கிழமைக்கணக்கில் இருக்கும், ஈரலிலும் அப்படித்தான். ஆகவே ஒரு கிழமைக் குளிசையை விட்டால் ஈரலுக்கு லீவு கிடைத்துவிடாது. அப்புறம், ஒரு கல்யாணத்துக்கு விட்டவர் அடுத்த மாதம் கோயில் திருவிழாவுக்கு விடுவார், பிறகு இன்னொன்றுக்கு விடுவார். கடைசியில் காலையில் எழும்பினால் விரல் மடங்காது, அடக்கி வைத்திருந்த நோய் திரும்ப எழும்பிவிடும்.

உண்மையில் நீங்கள் கேட்க வேண்டியது எவ்வளவு குடிக்கலாம் என்பது. இங்கிலாந்தில் இந்த மருந்தை எடுக்கும் மூட்டுவாதக்காரர் 11,000 பேருக்கு மேல் வைத்து 2017 இல் ஓர் ஆய்வு வெளியானது. கிழமைக்கு 14 அலகுக்குக் கீழே குடித்தவர்களுக்கு, குடிக்காதவர்களைவிட ஈரல் பரிசோதனை கெட்டுப்போகும் ஆபத்து கூடவில்லை. 21 அலகுக்கு மேலே போனவர்களுக்குத் தெளிவாகக் கூடியது. ஓர் அலகு என்பது 10 மில்லிலீற்றர் சுத்தமான அல்கஹோல். அதை நம்மூர்க் கணக்குக்கு மாற்றினால், கால் போத்தல் சாராயத்திலேயே ஆறு ஏழு அலகு வந்துவிடும். இரண்டு கால் போத்தலோடு அந்தக் கிழமைக் கணக்கு முடிந்தது. கள்ளு 5 சதவீதம் அளவில் இருந்தால் 750 மில்லிலீற்றர் போத்தலில் கிட்டத்தட்ட நான்கு அலகு. ஆனால் கள்ளுக்கு லேபல் இல்லை. காலையில் இறக்கியது பின்னேரத்துக்குள் புளித்து உறைத்துவிடும், அதனால் இந்த நான்கு என்பது உத்தேசம்தான்.

இன்னொன்று, அது இங்கிலாந்துக் கணக்கு, அதுவும் கிழமை முழுக்கப் பரவின கணக்கு. 14 அலகையும் கல்யாண இரவிலேயே முடித்துவிட்டு "டொக்டர் சொன்ன அளவுதான்" என்று என் பெயரை இழுக்கவேண்டாம். சீனி வருத்தம், கொழுப்பு ஈரல், வயிறு முன்னுக்குத் தள்ளின உடம்பு, இதில் ஏதாவது இருந்தால் மெதோட்ரெக்ஸேற்றே ஈரலைச் சீண்டும். அவர்களுக்கு நான் சொல்வது ஒன்றும் வேண்டாம் என்றுதான். மற்றபடி கடைசி ஈரல் பரிசோதனை சரியாக இருந்தால், கல்யாணத்தன்று சாப்பாட்டோடு ஒன்று, மிஞ்சினால் இரண்டு சின்னக் கிளாஸ் என்பதற்கு நான் சண்டை போடமாட்டேன். கசிப்பு என்றால் ஒரு சொட்டும் கூடாது. அதற்குள் என்ன இருக்கிறது என்பது காய்ச்சினவனுக்கே தெரியாது.

ஒரேயொரு விலக்கை மட்டும் நீட்டிச் சொல்லவேண்டும். உங்கள் கிளினிக் கொப்பியில் லெஃப்ளுனோமைட் என்ற மருந்தும் இருக்கிறதா என்று பாருங்கள். மெதோட்ரெக்ஸேற் மட்டும் போதாதபோது இதைச் சிலருக்குச் சேர்த்துக் கொடுப்பார்கள், சிலருக்கு அதற்குப் பதிலாகக் கொடுப்பார்கள். இதுவும் ஈரலைத் தாக்கக்கூடியது. இது உடம்பை விட்டுப் போகிற வேகம் மிக மெதுவானது, பாதி குறையவே இரண்டு கிழமை அளவில் எடுக்கும், முழுதாகப் போக மாதக்கணக்கு, சிலருக்கு இரண்டு வருடம்கூட ஆகும். அதாவது போன வருடம் நிறுத்தின குளிசை இந்த வருடக் கல்யாணத்திலும் உங்களுக்குள் இருக்கலாம். இதை எடுப்பவர்களுக்கும், அண்மையில் எடுத்து விட்டவர்களுக்கும் மேலே சொன்ன 14 அலகுக் கணக்கு பொருந்தாது, அந்த ஆய்வு இதைப் பற்றியதல்ல. இரண்டு மருந்தும் சேர்ந்து போகிறது என்றால் குடியை விட்டுவிடுங்கள், கல்யாணமாவது கச்சேரியாவது. கருப்பணி, அதாவது பதநீர், கிடைத்தால் குடியுங்கள், சுண்ணாம்பு சரியாகப் போட்டதென்றால் அதில் வெறி இல்லை. சீனி வருத்தக்காரருக்கு அதுவும் இல்லை.

கொப்பியைப் பாருங்கள் என்று சுலபமாகச் சொல்லிவிட்டேன். அதில் மருந்தின் பெயரை ஆங்கில மூன்றெழுத்தில் கிறுக்கியிருப்பார்கள், நோயாளி எப்படி வாசிப்பது? தமிழில் ஒரு வரி எழுதிக் கொடுக்க எத்தனை வருடம் வேண்டும் நமக்கு? கிளினிக்கில் ஒருவருக்குக் கிடைப்பது சில நிமிடம், அதற்குள் "குடிக்கிறீங்களா" என்று கேட்டால் ஆள் இல்லை என்று தலையாட்டும், பக்கத்தில் மனைவி நிலத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார், அடுத்த நம்பரைக் கூப்பிட்டுவிடுவார்கள். தயவுசெய்து உண்மையைச் சொல்லுங்கள். திட்டினால் திட்டட்டும். சிலர் இரத்தம் குடுக்கும் நாளுக்கு முன் இரண்டு கிழமை விரதம் மாதிரி இருந்துவிட்டு வருகிறார்கள், றிப்போட் அழகாக வரும், மருந்தின் அளவு கூடும், வீட்டுக்குப் போய்த் திரும்பவும் போத்தல். அந்த றிப்போட்டால் யாருக்கு என்ன பிரயோசனம்? ஈரல் நொதியம் மேல் எல்லையைவிட இரண்டு மூன்று மடங்கு போனால்தான் நாங்கள் பெரும்பாலும் மருந்தைக் குறைப்போம் அல்லது நிறுத்துவோம். நீங்கள் மறைத்தால் அது எங்களுக்குத் தெரியாமலே போகும்.

குடியைவிட எனக்குக் கூடக் கோபம் வருவது வேறு ஆட்களில். பஸ் ஸ்ராண்டிலும் சந்தையிலும் லேபல் இல்லாத பொடி விற்கிறார்களே, சரவாங்கிக்குக் கைகண்ட மருந்து, பக்க விளைவே இல்லை என்று. இரண்டே நாளில் வலி பறந்துவிட்டது என்று சொல்வீர்கள். அப்படிப் பறந்தால்தான் சந்தேகப்படவேண்டும். இப்படியான பொடிகளுக்குள் ஸ்டீரொய்ட்டும் வலிநிவாரணியும் அரைத்துக் கலந்திருப்பதை உலகம் முழுக்கக் கண்டுபிடித்திருக்கிறார்கள். முகம் வீங்கும், சீனி ஏறும், எலும்பு தேயும், திடீரென்று நிறுத்தினால் ஆள் மயங்கி விழலாம். இதற்கு மேல் சாராயமும் போனால் வயிற்றுக்குள் புண் வந்து இரத்தம் கசியும். ஒழுங்காகப் படித்த சித்த வைத்தியர்களை நான் சொல்லவில்லை, அவர்கள் தங்கள் பெயரைப் போட்டுத்தான் மருந்து தருவார்கள். ஆனால் அவர்கள் தரும் அரிஷ்டங்களிலும் புளிப்பதால் உண்டாகும் அல்கஹோல் கொஞ்சம் இருக்கும். சொன்ன அளவில் குடித்தால் அது பெரிய விஷயமில்லை, மருந்துதானே என்று அரைப் போத்தல் குடிப்பவர்களையும் நான் பார்த்திருக்கிறேன்.

பார்மசியும் குறைவில்லை. டொக்டரின் துண்டு இல்லாமலே டைக்ளோபெனாக் அட்டை அட்டையாகக் கொடுக்கிறார்கள். குடித்த அடுத்தநாள் காலையில் மூட்டு வலிக்கிறது, தலையும் இடிக்கிறது என்று வெறும் வயிற்றில் அதைப் போடாதீர்கள். மலம் தார் மாதிரிக் கறுப்பாகப் போனால் உள்ளுக்குள் இரத்தம் போகிறது என்று அர்த்தம், உடனே வைத்தியசாலைக்கு வாருங்கள். பனடோலும் ஈரல் வழியாகத்தான் போகிறது, சாதாரண ஆளுக்கே ஒரு நாளைக்கு 8 குளிசைக்கு மேல் கூடாது, குடிப்பவருக்கு அதையும் குறைக்கவேண்டும்.

பியரோடு வரும் குழப்பத்தையும் சொல்லிவிடுகிறேன். பியர் குடித்த இரவு கால் பெருவிரல் மட்டும் சிவந்து வீங்கினால் அது அநேகமாகக் கவுட், அதாவது யூரிக் அமிலம் சேர்ந்து வரும் வேறு மூட்டு வருத்தம், உங்கள் மூட்டுவாதம் அல்ல. அதற்கு வேறு மருந்து. மூட்டுவாதம் கூடிவிட்டது என்று நினைத்து மெதோட்ரெக்ஸேற்றைக் கூட்டிப் போட்டுவிடாதீர்கள்.

கடைசியாக, கனடா மச்சானின் பெட்டி. 2022 இல் இங்கே மருந்துத் தட்டுப்பாடு வந்த நேரம் தொடங்கின பழக்கம் இது, வெளிநாட்டில் இருந்து சொந்தக்காரர் மூலம் குளிசை வருவிப்பது. மெதோட்ரெக்ஸேற் 2.5 மில்லிகிராமிலும் வரும், 10 மில்லிகிராமிலும் வரும். உங்களுக்கு ஆறு குளிசை போட்டுப் பழக்கம், பெட்டியில் 10 மில்லிகிராம் என்று இருந்து அதிலும் ஆறைப் போட்டால் 15 இல்லை, 60. அல்லது சொந்தக்காரர் "காலையில ஒண்டு போடுங்கோ" என்று சொல்லிவிட, நீங்கள் கிழமைக்கு ஒரு தடவை எடுப்பதை நாளுக்கு நாள் எடுத்தால், வாயெல்லாம் புண்ணாகி இரத்த அணுக்கள் விழுந்து ஆளே போய்விடலாம். இதோடு தரும் ஃபோலிக் அசிட் என்ற விற்றமின் குளிசையும் பல கம்பனிகளில் மஞ்சளாகவே இருக்கிறது, மாறிப்போட வாய்ப்பு அதிகம். அட்டையில் என்ன மில்லிகிராம் போட்டிருக்கிறது என்று பார்த்து, கிழமையில் ஒரே ஒரு நாளைக் கலண்டரில் வட்டம் போட்டு வையுங்கள். கல்யாணத்துக்கு இரண்டு கிழமை முன்னாலேயே ஈரல் பரிசோதனையும் இரத்த அணுக்கள் எண்ணிக்கையும் செய்துவிடுங்கள், கிளினிக் திகதி தூரமென்றால் வெளியில் செய்து றிப்போட்டைக் கொண்டு வாருங்கள். ஆஸ்பத்திரிக் கேற்றில் நின்று "நான் குறைச்சுச் செய்து தாறன்" என்று லாப்புக்கு இழுப்பவர்களோடு மட்டும் போகவேண்டாம்.