ஸ்பிரிங்ஃபீல்டில் லிங்கன்: எதற்கு டிக்கெட், எது இலவசம்?

கேள்வி: அப்பாவும் அம்மாவும் ஊரிலிருந்து சிகாகோ வந்திருக்கிறார்கள். அப்பா ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர். முழங்கால் வலி உண்டு. ஸ்பிரிங்ஃபீல்ட் லிங்கன் நூலகத்துக்குக் கூட்டிப்போக ஆசை. எங்களிடம் உள்ள தேசியப் பூங்கா ஆண்டு பாஸ் அங்கே செல்லுமா? லிங்கன் உள்நாட்டுப் போரின்போது ஆற்றிய புகழ்பெற்ற கெட்டிஸ்பர்க் உரையின் கையெழுத்துப் பிரதியைப் பார்க்க முடியுமா?

பதில்: பாஸ் செல்லாது. 1929இல் அதிபரான ஹூவர் தொடங்கி அதிபர்கள் பலரின் நூலகங்களை மத்திய அரசின் தேசிய ஆவணக் காப்பகம் நடத்துகிறது. லிங்கனுடையது அப்படியல்ல, இல்லினாய் மாநில அரசின் சொத்து. நூலகம் என்ற பெயரைப் பார்த்து அந்தக் கட்டடத்துக்குள் போய்விடாதீர்கள், அது ஆய்வாளர்களுக்கு. அப்பாவுக்கு வேண்டியது தெருவுக்கு எதிர்ப்புறம் 2005இல் திறந்த அருங்காட்சியகம். அதற்கு டிக்கெட் உண்டு, முதியோருக்குச் சலுகையும் உண்டு.

லிங்கன் கைப்பட எழுதிய கெட்டிஸ்பர்க் பிரதிகளில் ஐந்துதான் எஞ்சியிருக்கின்றன. அதில் ஒன்று இங்கே. இல்லினாய் பள்ளிப் பிள்ளைகள் சில்லறை சேர்த்துக் கொடுத்த பணமும் சேர்ந்து 1944இல் மாநிலத்துக்கு வந்தது. வெளிச்சம் பட்டால் மை மங்கும் என்பதால் எப்போதும் காட்சியில் இருக்காது. கிளம்புமுன் ஃபோன் செய்து கேட்டுவிடுங்கள். அங்கே லிங்கனுடையது என்று சொல்லப்பட்ட உயரத் தொப்பி ஒன்றும் உண்டு. அது அவருடையதுதான் என்பதற்குச் சான்றில்லை என்று 2019இல் வெளியான அறிக்கையே சொல்லிவிட்டது. வாத்தியாருக்கு இது நல்ல தீனி.

என்னைக் கேட்டால், அருங்காட்சியகத்தைவிட லிங்கன் வீட்டுக்குத்தான் முதலிடம். அவர் சொந்தமாக வைத்திருந்த ஒரே வீடு. மகன் ராபர்ட் 1887இல் அதை மாநிலத்துக்குக் கொடுத்தபோது, பார்க்க வருபவர்களிடம் காசு வாங்கக் கூடாது என்று நிபந்தனை போட்டார். 1972இல் தேசியப் பூங்காத் துறையிடம் போன பிறகும் இலவசம்தான், பாஸுக்கே வேலையில்லை. உள்ளே போக மட்டும் வரவேற்பு மையத்தில் நேரம் குறித்த இலவசச் சீட்டு வாங்க வேண்டும், காலையிலேயே வாங்கிவிடுங்கள். மாடிக்குப் படிக்கட்டுதான். லிங்கன் பிடித்து ஏறிய அதே கைப்பிடியை அப்பாவும் பிடித்துக்கொள்ளலாம், ஆனால் முழங்கால் ஒத்துழைக்காவிட்டால் கீழ்த்தளத்தோடு நிறுத்திக்கொள்ளட்டும்.

ஓக் ரிட்ஜ் கல்லறைத் தோட்டத்தில் உள்ள லிங்கன் சமாதிக்கும் கட்டணமில்லை. வாசலில் இருக்கும் வெண்கலத் தலையின் மூக்கை எல்லோரும் தடவித் தடவி அது மட்டும் பளபளக்கும். அங்கிருந்து, லிங்கன் இளவயதில் வாழ்ந்த நியூ சேலம் கிராமத்துக்கும் போவதென்றால் ரயில் சரிப்படாது, காரிலேயே வந்துவிடுங்கள்.