மழைக்கு எதற்கு மரியாதை?

வணக்கங்க ஐயா,

நான் ஈரோட்டுப் பக்கம். ஓசாகாவில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் பதினான்கு மாதமாக வேலை பார்க்கிறேன். ஜப்பானிய மொழித் தேர்வில் என்3 நிலை முடித்துவிட்டேன். ஆனாலும் வாக்கியக் கடைசியில் வரும் மரியாதை வரிசை பிடிபடவே இல்லை. 'தா', 'தெஸ்', 'தெ கொஸைமஸ்' என்று ஒரே விஷயத்துக்கு மூன்று வால். மழை பெய்கிறது என்று சொல்வதற்குக்கூட 'அமெ கா ஃபுத்தெ இமஸ்' என்று மஸ் போடச் சொல்கிறார்கள். மழைக்கு எதற்கு மரியாதை? எனக்கு இதெல்லாம் நாடகமாகத்தான் தெரிகிறது. நமக்கு மரியாதை மனசிலிருந்து வருகிறது, இவர்களுக்கு அட்டவணையிலிருந்து வருகிறது.

என்னோடு ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்த பெண் ஒருத்தி இருக்கிறாள். எப்போதும் தெஸ்-மஸ்தான் பேசுவாள். இரண்டு வாரத்துக்கு முன்னால் லிஃப்டில் திடீரென்று 'க்யோ, சமுய் நே' (இன்னைக்குக் குளிருதுல்ல) என்றாள். தெஸ் இல்லை. நான் பதறிப்போய் 'சமுய் தெஸ் நே' என்றேன். அடுத்த நாளிலிருந்து அவள் பழையபடி தெஸ்-மஸ். அவள் என்னை மட்டமாக நினைத்தாளா, இல்லை நான் ஏதாவது தப்புச் செய்துவிட்டேனா? நானும் தெஸ்ஸை விட்டுவிடலாமா?

இன்னொன்று. சுசுமு ஓனோ சொன்னபடி ஜப்பானியம் தமிழிலிருந்து வந்ததுதானா?

பதில் போட்டீங்கன்னா ரொம்பச் சந்தோஷங்க.

எஸ்., ஓசாகா

*

அன்புள்ள எஸ்,

ஓனோ விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். பழைய ஜப்பானிய மொழியில் அவர் பெரிய அறிஞர். ஆனால் தமிழையும் ஜப்பானியத்தையும் உறவாக்கி அவர் சொன்னதை மொழியியலாளர்களில் பெரும்பாலானவர்கள் ஏற்கவில்லை. வினை கடைசியில் வருவதும் உருபு பின்னால் ஒட்டுவதும் கொரிய மொழியிலும் உண்டு, துருக்கிய மொழியிலும் உண்டு. நம் மொழி யாருக்காவது தாயாக இருந்தால்தான் நமக்குப் பெருமை என்ற நினைப்பை விட்டுவிடுங்கள். இதில் மேற்கொண்டு பேச எனக்கு விருப்பம் இல்லை.

உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். முதல் தடவை, அந்த லிஃப்டை நினைத்து மனசு கஷ்டப்பட்டது. மூன்றாம் தடவை கோபம் வந்தது. 'நாடகம்' என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கடிதத்தின் முதல் சொல்லை நீங்களே எடுத்துப் பாருங்கள். 'வணக்கங்க.' கடைசிச் சொல் 'சந்தோஷங்க.' வணக்கத்துக்கு எதற்கு மரியாதை? சந்தோஷத்துக்கு எதற்கு மரியாதை? ஈரோட்டில் உங்கள் வீட்டு வாசலில் நின்று 'மழை பெய்யுதுங்க' என்று எத்தனை தடவை சொல்லியிருப்பீர்கள்? அப்போது யாராவது உங்களை நாடகக்காரி என்றார்களா?

நான் நாகர்கோவில்காரன். எங்கள் பக்கத்துப் பேச்சில் இந்த வால் கிடையாது. பத்தொன்பது வயதில் பாலிடெக்னிக் படிக்கக் கோயம்புத்தூர் வந்தேன். முதல் வாரமே காந்திபுரத்தில் ஒரு சாயங்காலம் சத்தி பஸ்ஸைத் தவறவிட்டு நின்றபோது, ஒரு கண்டக்டர் என்னைப் பார்த்து, 'இப்பத்தானுங்க போச்சுங்க' என்றார். என் அப்பா வயது அவருக்கு. காக்கிச் சட்டை, அக்குளில் தோல் பை. போனது பஸ். பஸ்ஸுக்கு யாரும் மரியாதை கொடுக்கமாட்டார்கள். அப்படியானால் அந்த 'ங்க' யாருக்கு? ஊர் தெரியாமல் முழித்துக்கொண்டு நின்ற எனக்கு. பஸ் நிலையத்தின் அவ்வளவு சத்தத்திலும் அது எனக்குக் கேட்டது. இன்றைக்கும் கேட்கிறது.

மஸ் அதுதான். பேசப்படும் பொருளுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. மழையோ, பஸ்ஸோ, திருடனோ, யாரைப் பற்றியும் பேசுங்கள். மஸ் போய்ச் சேருவது எதிரே நின்று கேட்பவரிடம். இந்த ஒன்று புரியாமல் அட்டவணையை மனப்பாடம் செய்தால் பதினான்கு மாதம் இல்லை, பதினான்கு வருடம் ஆனாலும் பிடிபடாது.

கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள். எழுதும் தமிழில் மரியாதை, பேசப்படும் ஆளைப் பொறுத்தது. 'ஆசிரியர் வந்தார்' என்று தம்பியிடம் சொன்னாலும் கலெக்டரிடம் சொன்னாலும் அதே 'வந்தார்'தான். ஜப்பானியத்தில் இரண்டு மரியாதையும் தனித்தனியாக இருக்கின்றன. 'சென்செய் கா குரு' என்றால் ஆசிரியர் வருகிறார் என்ற செய்தி மட்டும். இரண்டு மரியாதையும் இல்லை. 'சென்செய் கா கிமஸ்' என்றால் கேட்கிறவருக்கு மட்டும் மரியாதை. 'சென்செய் கா இரஷ்ஷாரு' என்றால் ஆசிரியருக்கு மட்டும், சிநேகிதியிடம் சொல்வது. 'சென்செய் கா இரஷ்ஷாய்மஸ்' என்றால் இரண்டு பேருக்கும். இப்போது உங்கள் ஊர்ப் பேச்சில் சொல்லிப் பாருங்கள்: வரான், வரானுங்க, வரார், வராருங்க. இந்த நான்கு வகையும் உங்களிடம் இருக்கிறது. (குரு என்பது நம் 'வரான்' அளவுக்கு மட்டமான பேச்சு அல்ல, அது வெறும் வினை, அந்த வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.) எனக்கு இது கிடைக்க வெளியூர் போக வேண்டியிருந்தது. நீங்கள் தொட்டிலிலேயே வாங்கியதை ஓசாகாவில் உட்கார்ந்து நாடகம் என்கிறீர்களே, அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

மஸ் வந்த வழியும் அப்படித்தான். பெரியவருக்குப் பணிந்து ஒன்றைக் கொடுப்பதற்கு அவர்களிடம் 'மைரசு' என்று ஒரு பழைய வினை இருந்தது. அது தேய்ந்து தேய்ந்து மஸ் ஆயிற்று. நம் 'ங்கள்' தேய்ந்து 'ங்க' ஆனதைப் போல.

கேட்பவர் இல்லாவிட்டால் மஸ்ஸும் இல்லை. செய்தித்தாளை எடுத்துப் பாருங்கள். 'தா', 'தெ அரு' என்று மொட்டையாக முடிகிறது. வாசகரை அவமதிக்கிறார்களா? இல்லை. எதிரே ஆள் இல்லை, அவ்வளவுதான். நாட்குறிப்பும் அப்படியே. 1880களில் பேச்சு நடையிலேயே கதை எழுத முனைந்த ஃபுதபதெய் ஷிமெய் 'தா' என்று முடித்தார், யமதா பிம்யோ 'தெஸ்' என்று முடித்தார். வாக்கியத்தை எப்படி முடிப்பது என்பதே அவர்களுக்குப் பெரிய கேள்வியாக இருந்தது. அலுவலகத்தில் கவனித்துப் பாருங்கள். மேலாளரோடு தெஸ்-மஸ் பேசிக்கொண்டிருப்பவர், தேநீர் கையில் கொட்டினால் 'அத்சுய்!' என்பார். 'அத்சுய் தெஸ்' என்று சொல்லமாட்டார். சுட்டது அவருக்கு, சொன்னது தனக்குத்தானே.

தெ கொஸைமஸ் கடைக்காரர்களும் வரவேற்பு மேசைக்காரர்களும் பேசுவது, அதற்காக நீங்கள் கவலைப்பட வேண்டாம். 1952இலேயே அவர்களுடைய தேசிய மொழி மன்றம், இனிமேல் பேச்சுக்குத் தெஸ்-மஸ் அடிப்படையாக இருக்கட்டும் என்று பரிந்துரை செய்துவிட்டது. நமக்கு உண்மையில் கஷ்டம் வேறு இடத்தில். வெளியாள் தொலைபேசியில் கேட்டால், உங்கள் மேலாளரையே பெயருக்குப் பின்னால் வரும் 'சான்' என்ற மரியாதை ஒட்டு இல்லாமல் வெறும் 'தனகா' என்று தாழ்த்திச் சொல்ல வேண்டும். வெளியாள் முன்னால் அவர் உங்கள் வீட்டு மனிதர், வீட்டு மனிதரை நாமே உயர்த்திப் பேசக்கூடாது என்பது அவர்கள் கணக்கு. 'அப்பா வந்தாங்க' என்று ஊர் முழுக்கச் சொல்லிப் பழகிய நம் நாக்குக்கு அது வராது. அதற்கு அழுதால் அர்த்தம் உண்டு. மஸ்ஸுக்கு அழாதீர்கள்.

இனி, மஸ் இல்லாத பேச்சு. அதை மரியாதைக் குறைவு என்று எடுத்துக்கொண்டீர்கள். இதில்தான் நான் என் கதையைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

1989இல் ஜப்பானின் ஐச்சி மாகாணத்தில் ஒரு உதிரிபாகத் தொழிற்சாலைக்குப் பயிற்சிக்குப் போனேன். போன புதிதில் இரண்டு மாதம் மொழி வகுப்பு. அதில் தெஸ்-மஸ் மட்டும்தான். 'நிறுத்துங்கள்' என்பதற்கு 'தொமெதெ குதசை'. நான் நல்ல மாணவன், எல்லாம் மனப்பாடம். மூன்றாம் மாதம் பிரஸ் பகுதியில் விட்டார்கள். எங்கள் குழுத் தலைவரை எல்லோரும் ஹன்சோ என்போம். குள்ளமான மனிதர், இடது கையில் சுண்டுவிரல் நுனி இல்லை. எங்களிடம் மஸ் போட்டு ஒரு வார்த்தை பேசமாட்டார். ஒரு நாள் தகடு கோணலாகச் சிக்கிக்கொண்டது. நான் எதையும் யோசிக்காமல் கையை உள்ளே விட்டேன். பின்னாலிருந்து 'தொமெரோ!' என்று ஒரு கத்தல்.

தொமெரோ என்றால் நிறுத்து. எனக்கு அந்தச் சொல் தெரியாது. யாரும் சொல்லித்தரவில்லை. கையை எடுக்காமல், என்ன சொல்கிறார் என்று திரும்பிப் பார்த்தேன். அவர் பாய்ந்து வந்து சிவப்புப் பொத்தானை அடித்தார். என் சட்டைக் கையின் பொத்தான் தகட்டில் மாட்டியிருந்தது. அவருக்கு மூச்சு வாங்கியது. ஒன்றும் சொல்லாமல், நுனி இல்லாத அந்த விரலால் என் விரல்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார்.

2011 மார்ச் 11 சுனாமியின்போது இபராகியில் ஓஅராய் என்ற சிறு கடலோர ஊர், ஒலிபெருக்கியில் 'தப்பிச் செல்லுங்கள்' என்ற வழக்கமான 'ஹினன் ஷிதெ குதசை'யைச் சொல்லவில்லை. 'ஹினன் செயோ' என்று கட்டளையாகவே சொன்னது. மேட்டுக்கு ஓடு, உடனே ஓடு என்று. அந்தப் பேரழிவுக்குப் பிறகு ஜப்பானின் பொது ஒளிபரப்பு நிறுவனமான என்எச்கேவும் தன் எச்சரிக்கையின் மொழியைக் கடுமையாக்கியது. 2024 ஜனவரி 1 அன்று நோதோ நிலநடுக்கத்தின்போது அறிவிப்பாளர் 'இமா சுகு நிகெரு கொதோ!' என்று கத்தியதை நீங்களும் கேட்டிருப்பீர்கள். இப்போதே ஓடிவிட வேண்டும் என்று அதற்கு அர்த்தம். குதசை இல்லை, மஸ் இல்லை. அதைக் கேட்டபோது எனக்கு ஹன்சோவின் குரல்தான் நினைவுக்கு வந்தது. உயிர் போகிற நேரத்தில் வாலை ஒட்டிக்கொண்டிருக்க முடியாது. வெட்டி எறிந்துவிட்டுக் கத்துகிறவர் நம்மை மதிக்கவில்லை என்று யார் சொல்லமுடியும்?

தகட்டில் கை விட்டதற்கு அடுத்த நாள் காலையில் ஹன்சோ என்னிடம் வந்து, 'கினோ வா சுமிமசென் தெஷித. கெகா வா அரிமசென் கா' என்றார். நேற்று மன்னிக்க வேண்டும், அடி எதுவும் இல்லையே என்று. அதோடு நிற்கவில்லை. மூன்று நாள் என்னிடம் மட்டும் மஸ் போட்டே பேசினார். என் அறையில் படுத்துக்கொண்டு அதைத் திரும்பத் திரும்ப நினைத்தேன். கோபமா, குற்ற உணர்ச்சியா, என்னை வேலையை விட்டு அனுப்பப்போகிறார்களா என்று. அவர் கத்தியபோது வராத பயம் அவர் மரியாதையாகப் பேசியபோது வந்தது. சேர்ந்து வேலை செய்தவன் திடீரென்று விருந்தாளி ஆகிவிட்டேன்.

நான்காம் நாள் இடைவேளையில் தேநீர் இயந்திரத்துக்குப் போனேன். இரண்டு கோப்பை எடுத்தேன். ஒன்றை அவர் பக்கம் நீட்டி, 'நொமு?' என்றேன். குடிக்கிறியா என்று. ஜப்பானியப் பையன் ஒருவன் குழுத் தலைவரிடம் அப்படிக் கேட்டிருக்கமாட்டான். வகுப்பில் எனக்குத் தெரிந்திருந்த எல்லா விதியையும் மீறித்தான் கேட்டேன். அவர் என்னை ஒரு நிமிடம் பார்த்தார். 'நொமு' என்றார். கோப்பையை வாங்கிக்கொண்டார். அதற்குப் பிறகு அவர் என்னிடம் மஸ் பேசவே இல்லை.

உங்கள் லிஃப்டுக்கு வருகிறேன். ஒரே நாளில் சேர்ந்தவர்களை அங்கே 'தோகி' என்பார்கள். தோகிக்குள் தமெகுச்சி, அதாவது சமமாகப் பேசுவது, சகஜம். பதினான்கு மாதம் காத்திருந்து அந்தப் பெண் 'சமுய் நே' என்று உங்களிடம் ஒரு கோப்பையை நீட்டியிருக்கிறாள். நீங்கள் வாங்காமல் கும்பிடு போட்டீர்கள். அவளும் கோப்பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். தப்பு அவளுடையது இல்லை. உங்களுடையதும் இல்லை, உங்களுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. ஆனால் இரண்டு வாரமாக அவளைக் குறை நினைத்துக்கொண்டிருப்பது தப்பு. நாளைக்கே லிஃப்டில் நீங்கள் முதலில் சொல்லுங்கள், 'சமுய் நே' என்று. மேலாளரிடம் மட்டும் இதைச் செய்யாதீர்கள். அவர் ஆரம்பித்தாலும் நீங்கள் தெஸ்-மஸ்ஸிலேயே இருங்கள்.

ஊருக்குத் திரும்பிய பிறகு ஹன்சோ பன்னிரண்டு வருடம் எனக்குப் புத்தாண்டு அட்டை அனுப்பினார். அட்டையில் எல்லோருக்கும் போலவே 'அகெமஷிதெ ஒமெதெதோ கொஸைமஸ்' என்று அச்சடித்திருக்கும். அதற்குக் கீழே, நீல மையில், ஒவ்வொரு வருடமும் அவர் கையால் ஒரே வரி: 'கஸெ ஹிகுனா யோ.' சளி பிடிக்காமப் பாத்துக்கோடா.