முட்டித் தேய்மானமும் உடல் எடையும்: வாசகர் கேள்விகள்

என் மனைவிக்கு 52 வயது, உயரம் 150 செ.மீ., எடை 72 கிலோ. எழுந்தால் முட்டியைப் பிடித்துக்கொண்டுதான் நிற்கிறாள். 5 கிலோ குறைந்தால் மட்டும் என்ன ஆகிவிடும்? (பாலக்கோடு)

நிறையவே ஆகும். எடை கூடிய முட்டி நோயாளிகளை ஆராய்ந்ததில், 1 கிலோ குறைந்தால் ஒவ்வொரு அடியிலும் முட்டி தாங்கும் சுமை 4 கிலோ குறைவது தெரிந்தது. அப்படியானால் 5 கிலோவுக்கு 20 கிலோ. நாளுக்கு 4,000 அடி நடந்தால் ஒரு காலுக்கு 2,000 அடி. அந்த ஒரு முட்டியிலிருந்து 40 டன் இறங்குகிறது! சுமை மட்டுமே காரணமும் அல்ல. உடல் கொழுப்பு சுரக்கும் சில ரசாயனங்கள் மூட்டில் அழற்சியைத் தூண்டும். எடை தாங்காத கைவிரல் மூட்டும் பருமனானவர்களுக்கு அதிகம் தேய்வது அதனால்தான். முதல் இலக்கு 4 கிலோ போதும். 7 கிலோ குறைந்தால் படியேறுவதிலேயே மாற்றம் தெரியும்.

சோற்றை விட்டு மூன்று வேளையும் களிதான். எடை இறங்கவே இல்லையே? (பென்னாகரம்)

100 கிராம் அரிசியில் சுமார் 356 கலோரி, கேழ்வரகில் 320. பெரிய வித்தியாசமில்லை. கேழ்வரகில் சுண்ணாம்புச்சத்தும் நார்ச்சத்தும் உண்டு, நல்ல தானியம்தான்; ஆனால் எடையைத் தீர்மானிப்பது உருண்டையின் அளவு. இரண்டு உருண்டைக்குப் பதில் ஒன்றோடு நிறுத்தி, மிச்ச இடத்தைக் கீரைக் கடைசலாலும் கொள்ளு, பாசிப்பயறு, முட்டையாலும் நிரப்புங்கள். பட்டினி மட்டும் வேண்டாம். கொழுப்போடு தொடைத் தசையும் கரையும். முட்டியைத் தாங்குவதே அந்தத் தசைதான்.

நடந்தால் வலி, நடக்காவிட்டால் எடை ஏறுகிறது. என்ன செய்வது? (காரிமங்கலம்)

முதலில் தொடையைப் பலப்படுத்துங்கள். நாற்காலியில் உட்கார்ந்து காலை நேராக நீட்டி, 5 விநாடி நிறுத்தி, மெதுவாக இறக்குங்கள். காலுக்கு 10 முறை, காலை மாலை இருவேளையும். நடையை ஒரே மூச்சில் 30 நிமிடம் என்று வைக்காமல், சமதரையில் 10 நிமிடமாக மூன்று முறை பிரித்துக்கொள்ளுங்கள். லேசான வலி இருந்தால் பயமில்லை. நடந்து முடித்து 2 மணி நேரத்துக்கு மேலும் வலி நீடித்தால், மறுநாள் அளவைக் குறைக்கவேண்டும். களை எடுக்கக் குந்தி உட்காருவதைத் தவிருங்கள், குட்டை முக்காலி போட்டுக்கொள்ளலாம். முட்டி திடீரென வீங்கிச் சூடாகி, காய்ச்சலும் வந்தால் அன்றே மருத்துவரிடம் போங்கள்.

தீர்த்தமலை ஏறலாமா? (அரூர்)

வலி அடங்கியிருக்கும் நாளில், நின்று நின்று ஏறலாம். ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது வலிக்கும் கால் முதலில். தடியை வலிக்கும் காலுக்கு எதிர்க்கையில் பிடியுங்கள்; வலிக்கும் பக்கமே பிடிப்பவர்கள்தான் அதிகம், அது தவறு. முட்டிக்கு அதிக பாரம் இறக்கத்தில்தான். திரும்பி வரும் தெம்பை மிச்சம் வைத்துக்கொண்டு ஏறுங்கள்.