கன்வர்ஷன் வார்னிங் வந்தால் காஸ்ட் போட்டு அடக்கிவிடலாமா?

ஒரு சி நிரலில், முக்கொம்பில் கொள்ளிடத்துக்குத் திறக்கும் நீரளவை 32 பிட் எண்ணாக வாங்கி, 16 பிட் அன்சைன்டு (மைனஸ் எண் கொள்ளாத) மாறியில் போடுகிறீர்கள். மதிப்பு மாறலாம் என்று எச்சரிக்கிறது ஜிசிசி கம்பைலர். காஸ்ட் போட்டால், அதாவது இந்த வகைக்கு மாற்று என்று நீங்களே வெளிப்படையாக எழுதிவிட்டால், போதுமா என்று கேட்கிறீர்கள். போதாது. காஸ்ட் கம்பைலரின் வாயைத்தான் அடைக்கும். எண் வெட்டுப்படுவது அப்படியேதான் இருக்கும்.

16 பிட்டில் 65,535 வரைதான் கொள்ளும். வெள்ளத்தில் லட்சம் கனஅடி வந்தால் மேல் பிட்டுகள் போய், 34,464 என்று பதிவாகும். அபத்தமான எண் வந்தால்கூடப் பரவாயில்லை, யாராவது கவனிப்பார்கள். இது நம்பும்படியான எண். கரையோரத்துக்கு எச்சரிக்கை அனுப்பும் நிரல் இதைப் பார்த்துவிட்டுச் சும்மா இருந்துவிடும். மைனஸ் எண்ணும் கொள்ளும் சைன்டு 16 பிட்டாக இருந்தால் ஜிசிசியில் மைனஸ் 31,072 வரும். அதுவாவது கண்ணில் படும்.

முதலில் மாறியை 32 பிட்டாக்கிப் பாருங்கள். பெரும்பாலும் அதோடு வேலை முடிந்தது. பழைய கருவியின் தகவல் பாக்கெட்டில் 16 பிட்தான் இடம் என்றால், மதிப்பு 65,535-ஐத் தாண்டுகிறதா என்று சோதித்து, தாண்டினால் பிழைக்குறியைத் திருப்பி அனுப்புங்கள். அப்புறம் காஸ்ட் போடலாம், தப்பில்லை. செக்சம் (தகவல் பிழையில்லாமல் வந்ததா என்று பார்க்கும் கூட்டல் எண்) போல வேண்டுமென்றே கீழ் பைட்டை எடுக்கும் இடத்தில், வேண்டிய பிட்டுகளை மட்டும் விட்டுவைக்கும் மாஸ்க்கும் சேர்த்துப் போட்டால் படிப்பவருக்கு நோக்கம் புரியும்.

சரி, ஜிசிசியில் வார்னிங்குகளை இயக்கும் ஆப்ஷன்களான டபிள்யூ-ஆல் (-Wall), டபிள்யூ-எக்ஸ்ட்ரா (-Wextra) இரண்டிலுமே இந்த வார்னிங் வராது. டபிள்யூ-கன்வர்ஷன் (-Wconversion) தனியாகக் கொடுக்க வேண்டும். பழைய கோடில் கொடுத்தால் வார்னிங் கொட்டோ கொட்டென்று கொட்டும், ஒவ்வொரு ஃபைலாகப் போங்கள். கிளாங் என்ற இன்னொரு கம்பைலர் இருந்தால், அதிலுள்ள இம்ப்ளிசிட் கன்வர்ஷன் சானிட்டைசர் என்ற சோதனை வசதி, நிரல் ஓடும்போதே மதிப்பு மாறிய வரியைக் காட்டும். காஸ்ட் போட்ட வரிகளை மட்டும் அது கண்டுகொள்ளாது.