கூத்துக் குரலுக்கு ஆல்பம் பாட்டு சரிவருமா?

கேள்வி: எனக்கு வயது 49. காவேரிப்பட்டணம் பக்கத்தில் கிராமம். சின்ன வயதிலிருந்து பாரதக் கூத்தில் வேஷம் கட்டிப் பாடுகிறேன். அர்ச்சுனன் தபசு என்றால் என்னைத்தான் தேடி வருவார்கள். ஓசூரில் ஸ்டுடியோ வைத்திருக்கும் ஒரு தம்பி, இப்போதைய ஹிட் பாட்டுகள் எட்டை என் குரலில் ஆல்பமாகப் போடலாம் என்கிறார். பாட்டுப் பட்டியலையும் அவரே கொடுத்துவிட்டார். மொத்தமாக 40,000 ரூபாய் தருகிறாராம். எனக்கு ஆசைதான். ஆனால் எங்கள் வாத்தியார், "பாரதம் பாடுற வாயில அதெல்லாம் வேண்டாம்" என்கிறார். ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னால், தாளமில்லாமல் ராகத்தோடு பாடும் செய்யுளான விருத்தம் ஒன்றை வைத்தால் அவர் மனசு ஆறும் என்று நினைக்கிறேன். என்ன செய்யட்டும்?
– பெயர் வேண்டாம், கிருஷ்ணகிரி மாவட்டம்

பதில்: பாடுங்கள். அந்தப் பட்டியலை மட்டும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

முதலில் வாத்தியார். கோமாளி மேடைக்கு வந்ததும் சினிமா மெட்டும் கூடவே வருவதை அவர் பார்க்காதவரா என்ன? அதனால் அவருடைய கவலை பாட்டைப் பற்றியதாக மட்டும் இருக்காது. சித்திரை, வைகாசியில் பதினெட்டு நாள் பாரதம் நடக்கும்போது நீங்கள் ஸ்டுடியோவில் உட்கார்ந்துவிட்டால், அர்ச்சுனனாகத் தபசு மரம் ஏற ஆள் வேண்டாமா? ரெக்கார்டிங்கை ஐப்பசி, கார்த்திகையில் வைத்துக்கொள்கிறேன் என்று அவர் வீட்டுக்கே போய்ச் சொல்லுங்கள். பாதிக் கோபம் அங்கேயே இறங்கிவிடும்.

உங்களைப் போலவே ஒருவர் அமெரிக்காவில் இருந்தார். டோனி பென்னட், 1926-இல் பிறந்தவர், பழைய பாணிப் பாட்டுக்குப் பேர் போனவர். ராக் இசை எல்லாவற்றையும் அடித்துக்கொண்டு போன காலத்தில், அவருடைய ரெக்கார்டு கம்பெனி புதுப் பாட்டு பாடச் சொல்லி நெருக்கியது. அவரும் பாடினார், 1970-இல் ஆல்பம் வந்தது. மனசே இல்லாமல் பாடியது, எடுபடவில்லை. கொஞ்ச நாளில் அந்தக் கம்பெனியை விட்டே போய்விட்டார். பிறகு 1994-இல், இளைஞர்கள் பார்க்கும் எம்டிவியில், தன் பழைய பாட்டுகளையே தன் பாணியில் பாடினார். அந்தப் பதிவுக்கு மறு வருடம் சிறந்த ஆல்பத்துக்கான கிராமி விருது கிடைத்தது. 2014-இல், 88 வயதில், லேடி காகாவோடு சேர்ந்து ஒரு ஆல்பம் போட்டார். இந்தத் தடவை புதுத் தலைமுறைப் பாடகிதான் அவருடைய பாட்டுக்கு வந்தார்.

உங்களுக்கு ஆசை இருக்கிறது, அது பென்னட்டுக்கு இல்லாத வசதி. ஆனால் எட்டுப் பாட்டும் அந்தத் தம்பிக்குப் பிடித்தவை. உங்களுக்கு எது பிடிக்கும் என்று கடிதத்தில் ஒரு வரிகூட இல்லையே! நீங்களே நாலைந்து பாட்டைத் தேர்ந்தெடுங்கள். கிசுகிசுக்கிற காதல் பாட்டு உங்கள் தொண்டைக்கு வேண்டாம். ஒப்பாரி, கோபம், சவால், கெஞ்சல் உள்ள பாட்டாகப் பாருங்கள். திரௌபதி புலம்பலும் துரியோதனன் ஆங்காரமும் பழகிய குரலுக்கு அதெல்லாம் கைவந்த கலை.

கட்டையிலும், அதாவது உங்கள் சுருதியிலும், விட்டுக்கொடுக்காதீர்கள். பாடகர் குரல் இல்லாமல் இசை மட்டும் உள்ள ரெடிமேட் கரோக்கி டிராக் அதன் சொந்த சுருதியில் இருக்கும். கம்ப்யூட்டரில் கொஞ்சம் ஏற்றலாம், ரொம்ப ஏற்றினால் வாத்தியங்கள் கார்ட்டூன் மாதிரி கீச்சிடும். உங்கள் கட்டைக்கே இசையைப் புதிதாகப் போடச் சொல்லுங்கள், ஆர்மோனியமும், கூத்தில் ஊதும் முகவீணையும் நிஜமாகவே வாசிக்கப்படட்டும். ஊர் எல்லை வரை கேட்கப் பாடியவர் நீங்கள். ஸ்டுடியோ மைக்கை வாயருகே வைத்தால் சத்தம் கிழியும், ஒரு முழம் தள்ளி நில்லுங்கள். சுருதியைத் தானாகத் திருத்தும் ஆட்டோடியூன் மென்பொருள் அளவோடு இருக்கட்டும் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். உங்கள் இழைப்பையும் வளைவையும் அது பிழை என்று நினைத்து நேராக்கிவிடும். அப்புறம், விடிய விடியக் கூத்தாடிவிட்டு மறுநாள் காலையில் அங்கே போய் நிற்காதீர்கள்.

இனி சட்டம். தம்பி இதைப் பற்றிப் பேசியிருக்கமாட்டார். 2012-இல் திருத்தப்பட்ட பதிப்புரிமைச் சட்டப்படி, ஒரு பாட்டு முதலில் பதிவான வருடம் முடிந்து ஐந்து ஆண்டுகள் ஆன பிறகுதான் அதை வேறொருவர் 'கவர்' பாட்டாக, அதாவது மறுபடி பாடிய பாட்டாகப் பதிவு செய்யும் சட்டபூர்வ உரிமை வரும். 2021-இல் வந்த பாட்டென்றால் 2026 முடிய வேண்டும். அப்போதும் 15 நாள் முன்னதாக உரிமையாளருக்குத் தெரிவித்து, குறைந்தது 50,000 பிரதிகளுக்கான ராயல்டியை முன்பணமாகக் கட்ட வேண்டும். ஆல்பத்தின் அட்டையில் 'கவர் பாட்டு' என்றும் போட வேண்டும். அதைவிடப் புதிய பாட்டுக்கு உரிமையாளரின் நேரடி அனுமதி இல்லாமல் வழியே இல்லை. 'இப்போதைய ஹிட்' பட்டியலில் பாதிக்குமேல் இதில் மாட்டும் என்பது என் கணக்கு. அனுமதி வாங்குவது ஸ்டுடியோ பொறுப்பு, வழக்கு வந்தாலும் அவர்களே பார்ப்பார்கள் என்று ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள்.

அந்த 40,000 பற்றி. பாடகராக உங்கள் பாட்டுக்கு 50 ஆண்டு நிகழ்த்துநர் உரிமை உண்டு. வியாபாரத்துக்குப் பயன்படுத்தினால் ராயல்டியும் உண்டு. ஒப்பந்தத்தில் காலம் எழுதாவிட்டால் ஐந்து ஆண்டு என்றும், இடம் எழுதாவிட்டால் இந்தியா மட்டும் என்றும் சட்டம் எடுத்துக்கொள்ளும். அதனால்தான் 'நிரந்தரமாக, உலகம் முழுவதும்' என்று நடுவில் ஒரு வரி நுழையும். அந்த வரி இருந்தால் கையெழுத்து வேண்டாம். சம்பளம் 30,000 ஆனாலும் சரி, ராயல்டியில் பங்கு கேளுங்கள்.

கடைசியாக விருத்தம். அடுத்தவர் பாட்டில் தொழில்நுட்பத் தேவைக்கு மேல் மாற்றம் செய்ய அந்தக் கவர் உரிமை இடம் தராது. நடுவிலோ முன்னாலோ விருத்தத்தை ஒட்டினால் அவர்கள் சம்மதமும் வேண்டியிருக்கும். தனி டிராக்காகவே பாடிவிடுங்கள். வில்லிபாரதச் செய்யுள் பல நூற்றாண்டுப் பழசு, அதற்கு யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. எந்த விருத்தம் என்பதை வாத்தியாரையே சொல்லச் சொல்லுங்கள். முடிந்தால் பின்பாட்டுக்கு அவரையும் ஓசூருக்கு அழைத்துப் போங்கள், அவருக்கும் சம்பளம் பேசி.